எரியக் கூடாத பல்பு

என் வீட்டுக்காரர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்த மனிதர், சொந்த வீட்டில் மட்டும் அதைக் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுப்பார். நான் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போனால் போதும், முதுகுக்குப் பின்னால் கூடத்து விளக்கு அணைந்துவிடும். திரும்பி வந்தால் அடுப்படி இருட்டாகிவிடும். பின்னாலேயே வந்து சுவிட்சைத் தட்டிக்கொண்டு நிற்பார். "நான் என்ன திருட வந்தவளா, இருட்டுலயே நடமாட?" என்று கேட்டால், "ஆளில்லாத ரூம்ல யாருக்கு வெளிச்சம்? பல்லிக்கா?" என்பார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. லைன்மேனுக்கு வாழ்க்கைப்பட்டதற்கு மெழுகுவத்தி விற்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கலாம், வீடாவது வெளிச்சமாக இருந்திருக்கும் என்று அக்கம்பக்கம் கேட்கவே சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் இதை வெறும் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு ஐப்பசி மழையில், கையெல்லாம் விறைத்துப்போய் வீட்டுக்கு வந்தவருக்கு நானே சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "ஒரு பல்பு எரியறதுக்கு எத்தன பேரு கம்பத்துல ஏறி எறங்குறான்னு யாருக்கும் தெரியாது." அதற்கப்புறம் அவர் விளக்கை அணைத்தால் நான் திட்டுவது குறையவில்லை. ஆனால் காரணம் தெரிந்து திட்டினேன்.

அப்படிப்பட்டவருக்குத்தான் இரவும் பகலும் கரண்டைக் குடிக்கிற ஒரு மிஷின் வந்து சேர்ந்தது.

முதலில் இருமல். அப்புறம் மாடிப்படி ஏறினால் இளைப்பு. கம்பத்தில் அணில் போல ஏறியவர் நாலு படி ஏறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது, இனி இளகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முடியும் என்றார்கள். எதனால் என்று கேட்டேன். எங்கள் வீடு அரியலூர் போகும் ரோட்டோரம். பொழுது விடிந்து பொழுது போனால் சுண்ணாம்புக்கல் லாரிகள்தான். கொடியில் காயும் துணியை உதறினால் மாவு உதிரும். அவர் இளவயதில் பீடியும் பிடித்தவர். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் வரலாம் என்றார். எனக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. அதனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மிஷின் இடுப்பளவு உயரம், அடியில் சக்கரம். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். ஓயாமல் உறுமும். ஒரு மூலையில் சின்ன பாட்டிலில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டே இருக்கும். குழாய் பின்வாசல் வரைக்கும் எட்டியது. வேப்பமரம் வரைக்கும் எட்டவில்லை. அவருக்கு மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கிற பழக்கம். கட்டிலை நான் பின்வாசல் படியோடு சேர்த்து இழுத்துப் போட்டேன்.

மிஷினை விட அவரை அதிகம் வாட்டியது மீட்டர். வாசலில் இருக்கிற கரண்டு மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு மின்னும். கரண்டு அதிகம் இழுத்தால் வேகமாக மின்னும். பல் தேய்க்கப் போகும்போதெல்லாம், குழாய் எட்டுகிற அளவுக்குப் போய் நின்று எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா, எப்புடி மின்னுதுன்னு? அதெல்லாம் நான் விடுற மூச்சு." சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுசு முழுக்க ஒரு பல்பு வீணாக எரிந்தால் பொறுக்காதவர், தானே அந்த வீணாக எரியும் பல்பு என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதை ஈடுகட்டுவது போல வீட்டில் மற்ற எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். அதில் சில நல்லதாகவே முடிந்தன. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மூச்சை அடைக்கிற அதே சுண்ணாம்புதான், தளத்தில் பூசினால் வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்ச்சியாக வைத்தது. பழைய ஃபேனைக் கழற்றிவிட்டுக் கரண்டு குறைவாக இழுக்கும் ஃபேன் மாட்டினோம். ஃபிரிட்ஜை நிறுத்தினேன். அன்றன்றைக்கு ஆக்கி அன்றன்றைக்குத் தின்றோம். நான் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள், தையல் மிஷினில் மோட்டார் போட்டிருந்தேன். அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் காலால் மிதித்தேன். "அத ஏன் கழட்டுற, உனக்கு முட்டி வலிக்கும்ல?" என்று அவரே தடுத்தார். முட்டி வலித்தது உண்மைதான். அதையும் அவரிடம் சொல்லிக் காட்டாமல் நான் விடவில்லை.

ஆனால் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும், லைனில் கரண்டு இல்லாவிட்டால் என்ன செய்வது? மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். அதற்கு முன்கூட்டியே போனில் தகவல் வந்துவிடும். பெரம்பலூரிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டர் வரவழைத்து வைத்துக்கொள்வேன். சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் உயிரை வாங்கும். கரண்டு போன நொடியில் மிஷின் நீளமாக ஒரு ஊளை ஊதும். நான் தையலைப் போட்டுவிட்டு ஓடுவேன். சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிய கையோடு கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்துவேன். எடுத்த பையன் பதில் சொல்வதற்குள் இவர் கட்டிலிலிருந்து கையை ஆட்டுவார். "அவன திட்டாத. அவன் வேணும்னா நிறுத்துறான்?"

இன்வர்ட்டர் வாங்கினோம். அது மட்டும் போதாது, வெயிலையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று சோலார் பேச்சு வந்தது. பெரம்பலூரிலிருந்து ஒருவர் வந்து மாடியை அளந்தார். நல்ல மனிதர், இல்லாததைச் சொல்லவில்லை. இரண்டு விதம் இருக்கிறது என்றார். ஒன்று, தெரு லைனோடு சேர்ந்தது. நம் தேவைக்குப் போக மிச்சக் கரண்டை லைனுக்கே கொடுக்கலாம். நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லைன் நின்னா?"

"இதுவும் நின்னுடும் சார்," என்றார் அவர்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வெயிலு மண்டையப் பொளக்கும்போதே நின்னுடுமா? அப்புறம் எதுக்குங்க அத கூரைல ஏத்தி வெக்கிறது, வடாம் காய வெக்கவா?"

வந்தவர் பதில் சொல்வதற்கு முன்னால் இவர் சொன்னார். "சரியாத்தான் செஞ்சிருக்கான். நம்ம வூட்டுக் கரண்டு லைன்ல போனா, ரிப்பேருக்கு ஏறினவன் கதி என்னாவுறது?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் தெரியும், அது சாதாரணம் இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி மூத்தவள் கைக்குழந்தையாக இருந்த சமயம், இவரோடு வேலை பார்த்த ஒருவர், லைனை நிறுத்திவிட்டுத்தான் கம்பத்தில் ஏறினார், தப்பி வரும் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்தை மட்டும் போடவில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். மெயின் சுவிட்சை இறக்கவில்லை. அங்கிருந்து கரண்டு தெரு லைனுக்குப் பின்பக்கமாக ஏறி வந்துவிட்டது. செத்த லைன் என்று நம்பிக் கம்பியைத் தொட்டவர் அங்கேயே போய்விட்டார். அவரைக் கயிறு கட்டி இறக்கியவர் என் வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்க மாட்டேன் என்றார். கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

இரண்டாவது விதம், தெரு லைனுக்குக் கரண்டே அனுப்பாதது. வெயிலில் வருவதை பேட்டரியில் சேர்த்து, வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். அதைத்தான் போட்டோம். இவரே கட்டிலில் படுத்துக்கொண்டு வயரிங் எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொன்னார். மிஷின், ஒரு ஃபேன், ஒரு விளக்கு. இவை மூன்று மட்டும் பேட்டரியில். மற்றதெல்லாம் பழையபடி தெரு லைனில். மாதா படத்துக்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்பு பல்பையும் அவர் பேட்டரியில் சேர்க்க விடவில்லை. "லைன்ல கரண்டு இருந்தா எரியட்டும். இல்லன்னா அவங்களும் நம்மகூட இருட்டுல இருக்கட்டும். மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க." மாதா கோயில் ஊரான வரதராஜன்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, மாதாவிடம் கூடவா சிக்கனம் பார்ப்பது என்று இருந்தது. அன்று ராத்திரி ஜெபமாலையில் அவருக்காக ஒரு மன்னிப்பும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் சோலார் போட்டவர்களுக்குப் பனியும் தூசியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எனக்கு எடுக்க வேண்டியிருந்தது. விடியற்காலையில் ஈரத்துணியால் மாடியிலிருந்த சோலார் தகட்டைத் துடைத்துவிட்டு வந்தேன். பத்து மணி வெயிலுக்கு ஈரத் தூசி காய்ந்து, பூச்சு வேலை முடித்த சுவர் போல வெள்ளையாக இறுகிவிட்டது. அப்புறம்தான் காய்ந்த துடைப்பத்தால் தூசியைத் தட்டிவிட்டு, அதன் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றப் பழகினேன். முட்டி வலியோடு மாடிப்படி ஏறுவேன். கீழே படியோரக் கட்டிலிலிருந்து இவர் குரல் கொடுப்பார், "பாத்து, வழுக்கப் போவுது."

ஆனால் அந்தக் கோடையை மறக்க முடியாது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பகலெல்லாம் மிஷின் வெயிலிலேயே ஓடியது. மீட்டரின் சிவப்புப் பொட்டு எப்போதாவது ஒரு தடவை மின்னியது. அவர் அதைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "இப்ப நான் வெயில மூச்சு விடுறேங்க," என்று சொல்லிக் கண்ணை விரித்துச் சிரிப்பார். அவர் முகத்தில் இருந்த கடன்காரன் களை போய்விட்டது. நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மழை என்றால் பரவாயில்லை, காற்றும் சேர்ந்துகொண்டது. முந்திரித் தோப்புகளில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்டு வருகிற ஏரிக்கரை லைனிலும் ஒரு கம்பம் விழுந்து கம்பி அறுந்தது. கரண்டு போனது போனதுதான். சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத வானம். மாடித் தகட்டில் தூசி இல்லை, மழை அதைக் கண்ணாடி போலக் கழுவி வைத்திருந்தது. ஆனால் வெயில்தான் இல்லையே. ஃபேனை நிறுத்தினேன். விளக்கை ஏற்றவில்லை. பேட்டரியில் இருந்தது அத்தனையும் மிஷினுக்கு மட்டும் போயிற்று. பெரம்பலூர் சிலிண்டர் வண்டிக்காரர், ரோட்டில் மரம் கிடக்கிறது, வெட்டினதும் வருகிறேன் என்றார். அதற்கப்புறம் போன் டவரும் போய்விட்டது.

பெரிய சிலிண்டரையும் பேட்டரியையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒரு நாள் காலையில் பெரிய சிலிண்டர் தீர்ந்தது. மீதியிருந்தது சின்னது ஒன்று. அதில் ரெகுலேட்டர் கிடையாது. பெரியதில் இருப்பதை ஸ்பேனரால் கழற்றி, சின்னதில் பொருத்தி இறுக்க வேண்டும். எனக்கு அந்த வேலை எப்போதுமே மல்லுக்கட்டுதான், சட்டென்று ஏறாது. பேட்டரி முழுக்கத் தீரட்டும், அதுவரை சின்னதைத் தொட வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். மழை விட்டிருந்தது. லைன்மேன் பையன்கள் தோளில் கயிற்றோடு ஏரிக்கரைப் பக்கம் போவதைப் பார்த்தேன். ஓடிப்போய், எப்போது வரும் என்று கேட்டேன். "சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுவோம்மா," என்றார்கள். அதை இவரிடம் சொன்னதும் முகம் தெளிந்தது.

மத்தியானம் இருக்கும். இன்வர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிமிர்ந்தபோது மாதா படத்தடியில் சிவப்பாக என்னவோ தெரிந்தது. பல்பு எரிந்தது.

"கரண்டு வந்துடுச்சுங்க!" என்று கத்திவிட்டேன். ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. மாதாவே, மாதாவே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது.

அவர் பல்பையே பார்த்தார். நானும் அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். அது எரிகிற மாதிரி எரியவில்லை. மங்கலாக, நடுங்கிக்கொண்டு எரிந்தது. கூடத்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு கண்ணைத் திறக்கக்கூட மாட்டாமல் துடித்தது.

"இது லைன் கரண்டு இல்ல," என்றார். "எவனோ ஜெனரேட்டர் போட்டுருக்கான். மெயின எறக்கல."

காது கொடுத்துக் கேட்டேன். தெருக்கோடியில் டபடபவென்று சத்தம். கோடி வீட்டுக்காரர் அரியலூரிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்து மோட்டார் போட்டு, தெருவுக்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையில் நானே இரண்டு குடம் பிடித்து வந்திருந்தேன். நல்லது செய்கிற வீடு.

"போ," என்றார் இவர். "போயி எறக்கச் சொல்லு. பசங்க மேல இருப்பானுவ. லைன் செத்துக் கெடக்குன்னு அவசரத்துல எர்த்து போட மாட்டானுவ."

"சிலிண்டர மாட்டிட்டுப் போறேன்."

"மாட்டிக்கிட்டு நிக்காத. போ."

"பேட்டரி கத்துறது காதுல வுழலயா உங்களுக்கு? எவனோ ஒருத்தனுக்காக நீங்க இங்க சாகணுமா?"

அவரால் அதற்கு மேல் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியது. கையை நீட்டி வாசலைக் காட்டினார். காட்டிய கை இறங்கவில்லை. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், "எவனோ இல்ல."

ஓடினேன். செருப்புப் போடவில்லை. சேற்றில் முந்திரிக் கிளையெல்லாம் கிடந்தன. ஓடும்போது அந்தக் கம்பத்தில் இருப்பவனை நினைத்துக்கொண்டு ஓடினேன் என்று சொன்னால் அது பொய். அவனைச் சபித்துக்கொண்டு ஓடினேன். அவன் ஏன் இந்த நேரத்தில் ஏறினான், கோடி வீட்டுக்காரர் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார், நான் ஏன் ஒரு லைன்மேனைக் கட்டிக்கொண்டேன் என்று ஒவ்வொன்றாகச் சபித்தேன்.

ஜெனரேட்டர் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு வயர். அதன் இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொரு முனை கூடத்துச் சுவரில் இருக்கிற பிளக்கில். அப்படிச் செருகினால் வீடு முழுக்கக் கரண்டு வந்துவிடும். மெயினை இறக்க மறந்தால் வீட்டைத் தாண்டியும் போகும். நான் ஜெனரேட்டரின் சுவிட்சை அணைத்தேன். கோடி வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கோபமாக வந்தார். "ஏன்க்கா, தொட்டி ரொம்பலயே இன்னும்?"

"மெயின எறக்குனீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "தண்ணி தண்ணின்னு எல்லாரும் நின்னாங்க, அவசரத்துல..." என்றார். "ஏரிக்கரைல பசங்க ஏறியிருக்கானுவ," என்று மட்டும் சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடினார். நான் என் வீட்டைப் பார்த்து ஓடினேன்.

வாசலிலேயே தெரிந்துவிட்டது. மிஷின் சத்தம் இல்லை. பேட்டரி கத்துவதும் நின்றிருந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அவர் கட்டிலில் இல்லை. தரையில், சிலிண்டருக்குப் பக்கத்தில், ஸ்பேனரைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரெகுலேட்டரைப் பெரிய சிலிண்டரிலிருந்து கழற்றிவிட்டிருந்தார். சின்னதில் பாதி மாட்டியிருந்தார். உதடு நாவற்பழ நிறம். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கி இறுக்கினேன். மரை ஏறவில்லை. திறந்ததும் காற்று பக்கவாட்டில் சீறிக்கொண்டு போனது. மறுபடி மூடி, மறுபடி இறுக்கி, மறுபடி திறந்தேன். ரெகுலேட்டரோடு இருந்த பாட்டிலில் தண்ணீர் கொப்புளித்தது. குழாயை மூக்கில் வைத்து அவர் தலையை என் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உதட்டு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கண் என் மேல் வந்து நின்றது. உதடு அசைந்தது. என்னைக் கூப்பிடுகிறார் என்று காதைக் கொண்டுபோனேன்.

"எறக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கை ஓங்கிவிடும் போல இருந்தது. "எறக்கிட்டாங்க," என்றேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

கோடி வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார். அவர் போனபோது இரண்டு பேர் கம்பத்தின் உச்சியில் இருந்தார்களாம், அறுந்த கம்பியைக் குறட்டால் இழுத்துப் பிடிக்கப் போகிற நேரமாம். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். வந்தவரை ஒரு சொல் கடியவில்லை. "இனிமே மெயின எறக்கிட்டு, பிளக்க செருகுறதுக்கு முன்னாடி ஒரு தடவ தெருவுல நின்னு கம்பத்துல யாராவது இருக்கானான்னு பாருங்க," என்றார். அவ்வளவுதான். அந்தி மயங்கும் நேரத்தில் கரண்டு வந்தது. சிவப்பு பல்பு திடமாக எரிந்தது. எனக்கு அதைக் கும்பிடத் தோன்றவில்லை.

அன்றைக்கு அவர் பிழைத்தார். ஆனால் அன்றைக்குப் போனது எதுவோ திரும்பி வரவில்லை. அதன் பிறகு பின்வாசல் கட்டிலுக்கே வரவில்லை. மூக்குக் குழாய் போய் முகமூடி வந்தது. பெரம்பலூர் டாக்டரிடம், அந்தக் கொஞ்ச நேரத்தினால்தானா என்று கேட்டேன். எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று அவர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பேச்சுக்குப் பேச்சு அதைத்தான் இழுத்தேன். "ஊரான் புள்ளைக்கு மூச்ச தானம் பண்ணிட்டு வந்து படுத்துருக்கீங்க," என்பேன். அவர் முகமூடிக்குள்ளே சிரிப்பார். கண்ணாடி மாதிரி அது ஆவி பூத்துப் போகும்.

மாசி மாதம் ஒரு காலையில் போனார். நல்ல வெயில். நான் மாடியில் தகட்டுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்தேன். லைனில் கரண்டு இருந்தது. பேட்டரி நிறைந்திருந்தது. இரண்டு சிலிண்டரும் நிறைந்திருந்தன. மிஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, பாட்டிலில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. எல்லாம் இருந்தது. அவர் மட்டும் மூச்சை வாங்கிக்கொள்ளவில்லை. மிஷினை நான்தான் நிறுத்தினேன். அதை நிறுத்த எனக்கு வெகுநேரம் மனசு வரவில்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேர வேண்டும் என்று ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர், பிளக் எங்கே என்று கேட்டு, மிஷின் செருகியிருந்த அதே பிளக்கில் பெட்டியின் வயரைச் செருகினார். அதுவும் உறும ஆரம்பித்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள், கரண்டு நிற்காமல் இருக்கிறதே, புண்ணியவான் என்றார்கள்.

மறுநாள் கோயிலுக்கு எடுத்துப்போக வண்டி அலங்காரம் செய்தார்கள். மேலே பூவால் ஆளுயரச் சிலுவை. அப்போது ஒரு பையன் காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். கை காய்த்துப் போயிருந்தது. லைன்மேன் என்றான். கோயில் தெருவில் கம்பி தாழ்வாகத் தொங்குகிறது, சிலுவை தட்டும், வண்டி தாண்டுகிற வரைக்கும் லைனை நிறுத்திவிட்டு, ஏறிக் கம்பியைத் தூக்கிக் கட்டினால் நல்லது என்றான். "லைன கொஞ்ச நேரம் நிறுத்திக்கட்டுமாம்மா?" என்று கேட்டான்.

கார்த்திகையில் ஏரிக்கரைக் கம்பத்தில் ஏறியவன் இவன்தானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இவனாக இருந்தால் என்ன, வேறு ஒருத்தனாக இருந்தால் என்ன. உயிரோடு வந்து நிற்கிறான். அந்த மிஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை கரண்டை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட என்னைக் கேட்டு நிறுத்தியதில்லை. இன்றைக்கு ஒருத்தன் வந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறான்.

"நிறுத்திக்கப்பா," என்றேன். "இனிமே அவருக்கு வேண்டியதில்ல. நீ எர்த்து போட்டுட்டு ஏறு."